போன் கடையைப் பற்றி முகநூலில் எழுதினால் வழக்கு வருமா?

வணக்கம். போன காணொளிக்கு வந்த கேள்விகளில், செந்தூல் தம்பி ஒருவர் அனுப்பியதை இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். அவர் எழுதியது இது: "அண்ணே, கோலாலம்பூரில் ஒரு கடையில் போன் வாங்கினேன். மூன்று மாதத்தில் பேட்டரி வீங்கிவிட்டது. மாற்றித் தர முடியாது என்றார்கள். கோபத்தில் கடைப் பையனின் படத்தைப் போட்டு, 'இவன் திருடன், எல்லாருக்கும் போலி போன்தான் விற்கிறான்' என்று முகநூலில் எழுதினேன். வழக்கு வரும், அழித்துவிடு என்கிறார் நண்பர். அப்படியென்றால் நாம் இணையத்தில் கருத்தே சொல்லக் கூடாதா?"

தம்பி, முதலில் அந்தப் போனை அணைத்து வையுங்கள். வீங்கிய பேட்டரியைச் சார்ஜ் போடக் கூடாது, பின்மூடியை அமுக்கி உள்ளே தள்ளவும் கூடாது. தீப்பிடிக்கும். வழக்கு கிழக்கெல்லாம் அப்புறம்.

சரி, கேள்விக்கு வருவோம். கருத்துச் சொல்லலாம், தாராளமாகச் சொல்லலாம். சொல்லும்போது அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

2017 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். ஐபோன் 6எஸ் வைத்திருந்த ஒருவர், போன் மெதுவாகிவிட்டதே என்று பேட்டரியை மாற்றினார். மாற்றுவதற்கு முன்பும் பின்பும் கீக்பெஞ்ச் செயலியில் வேகத்தை அளந்து, இரண்டு அளவையும் இணையத்தில் போட்டார். புது பேட்டரியில் வேகம் எக்கச்சக்கமாகக் கூடியிருந்தது. அந்தச் செயலியை உருவாக்கிய நிறுவனம், தன்னிடம் இருந்த ஏராளமான போன்களின் அளவுகளை எடுத்துப் பார்த்தது. அதிலும் அதே கதைதான். சில நாளிலேயே ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. பேட்டரி பழசானால் போன் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க, வேகத்தை நாங்கள்தான் குறைக்கிறோம் என்றது. பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலருக்கு இறக்கியது. அந்த மனிதர் யாரையும் திருடன் என்று எழுதவில்லை. என் போன் இது, நான் செய்தது இது, கிடைத்த அளவு இது என்று எழுதினார். அதனால்தான் அவர் சொன்னதை மற்றவர்களும் சோதித்துப் பார்க்க முடிந்தது.

இன்னொரு சம்பவம் நம் ஊரிலேயே நடந்தது. 2015 ஜூலை 11, சனிக்கிழமை, கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் போன், கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசா. ஒரு கடையில் போன் திருடியதாக ஓர் இளைஞர் பிடிபட்டார். அவருடைய நண்பர்கள் வந்து கடை ஊழியர்களை அடித்தார்கள். அது கைகலப்பு, போலீஸ் பார்க்க வேண்டிய விஷயம். ஆனால் இணையத்தில் கதை வேறு மாதிரி ஓடியது. போலி போனை விற்று அந்தப் பையனை ஏமாற்றிவிட்டார்கள் என்று பகிர்ந்தார்கள், அதில் இனத்தையும் கலந்தார்கள். மறுநாள் இரவு கட்டடத்துக்கு வெளியே கூட்டம் கூடி, அடிதடியாகி, படம் எடுக்கப் போன பத்திரிகைக்காரர்கள்கூட அடி வாங்கினார்கள். போலி போன் கதை உண்மையில்லை, நடந்தது திருட்டு என்றது போலீஸ். பகிர்ந்தவர்களில் யார் அந்தக் கடையில் நின்று பார்த்தார்கள்? புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்தது, தட்டிவிட்டார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நீங்கள் எழுதியதும் அதே 'போலி போன்' என்ற வார்த்தைதான், தம்பி. உங்கள் போன் போலி என்று எப்படித் தெரியும்? *#06# அடித்து, ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ அடையாள எண்ணை எடுத்து, பெட்டியில் உள்ள எண்ணோடு ஒத்துப் பார்த்தீர்களா? பெரும்பாலும் அது ஏபி செட்டாக இருக்கும். வெளிநாட்டுச் சந்தைக்கான அசல் போனைக் கொண்டுவந்து, கடைக்காரரே உத்தரவாதம் கொடுத்து விற்பது. மலேசியச் சந்தைக்கான போன், அதாவது மலேசியா செட் என்று சொல்லி ஏபி செட்டைத் தலையில் கட்டியிருந்தால் அது தப்பு, அதை எழுதுங்கள். ஆனால் அது வேறு குற்றச்சாட்டு. 'எல்லாருக்கும்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். மற்றவர்கள் வாங்கியதை நீங்கள் பார்த்தீர்களா?

இப்படி எழுதியிருக்கலாம்: "இந்தக் கடையில் இந்தத் தேதியில் இந்த மாடல் வாங்கினேன். மலேசியா செட் என்றார்கள். மூன்றாவது மாதம் பேட்டரி வீங்கியது, படம் கீழே. ரசீதோடு போனேன், மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். இனி அங்கே வாங்க மாட்டேன்." திருடன் என்று எழுதியதைவிட இதுதான் கடைக்காரரை உறுத்தும். பதில் சொல்லியாக வேண்டுமே.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அவதூறு வழக்கு ஒரு பக்கம் இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில் 233ஆம் பிரிவு இன்னொரு பக்கம். பொய்யென்று தெரிந்தே பிறரை நோகடிக்கப் பதிவிடுவதெல்லாம் அதில் வரும். 50,000 ரிங்கிட்டாக இருந்த அதிகபட்ச அபராதம், 2025 திருத்தத்தில் 5 லட்சமாகிவிட்டது. குழு நடத்துகிறவர்களும் கவனியுங்கள். 2012இல் சாட்சியச் சட்டத்தில் 114ஏ பிரிவைச் சேர்த்தார்கள். ஒரு பக்கத்தின் நிர்வாகி என்று உங்கள் பெயர் இருந்தால், அங்கே வந்ததை நீங்களே வெளியிட்டதாகத்தான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். 2021இல் மலேசியாகினி செய்தித் தளத்துக்கு 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விழுந்ததே, அது வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காகத்தான். அந்தத் தீர்ப்பு எனக்கு ஏற்புடையதாக இல்லை. யாரோ எழுதியதற்கு இடம் கொடுத்தவர் தண்டனை அனுபவித்தால், பேசுவதற்கான இடங்களே குறைந்துபோகும். ஆனால் சட்டம் இப்படி இருக்கும்போது நம் பிள்ளைகள் தெரியாமல் போய் மாட்டக் கூடாது.

கடைப் பையனின் படத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். முதலாளி சொன்னதை உங்களிடம் சொன்னவர் அவர். சம்பளத்துக்கு நிற்கிற பையன். நாளைக்கு வேறு கடையில் வேலை கேட்டுப் போனால் அந்தப் படம்தான் முன்னால் வந்து நிற்கும்.

பதிவை முழுசாக அழிக்க வேண்டாம். இப்போது சொன்ன மாதிரி திருத்தி, திருத்தியதையும் அதிலேயே எழுதுங்கள். பழைய பதிவைப் பகிர்ந்தவர்களுக்கும் தனியாகச் செய்தி அனுப்பிவிடுங்கள். பணம் திரும்ப வர வேண்டுமென்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுவுக்கு 5 ரிங்கிட்தான், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், பொதுவாக வக்கீல் வைக்கத் தேவையில்லை. ரசீது, வீங்கிய பேட்டரியின் படம், கடையோடு பேசிய புலனச் செய்திகள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மனு போட்ட பிறகு என்ன ஆனது என்று இந்தக் காணொளிக்குக் கீழேயே எழுதுங்கள், தம்பி.