கையால் பேசி எவரெஸ்ட் ஏறியவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சீசன் நேரத்தில் குற்றாலம் பேரருவிக்கு அடியில் நின்று பேசிப் பாருங்கள். தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. ‘பிள்ளையைப் பிடி’ என்பதைக்கூடக் கையால்தான் சொல்வோம். எவரெஸ்ட் உச்சிப் பக்கம் அடிக்கிற காற்றிலும் அதே கதைதான். காது நன்றாக இருப்பவரும் அங்கே பாதிச் செவிடு.

நம் பொதிகை 1,868 மீட்டர். எவரெஸ்ட் 8,849. அதாவது ஏறக்குறைய நாலே முக்கால் பொதிகை. காது கேளாதவர்களில் அந்த உச்சியை முதலில் தொட்டவர் ஜப்பான்காரர் சதோஷி தமுரா. 2014-இல் பனிச்சரிவில் 16 பேர் இறந்தார்கள். 2015-இல் நேபாள நிலநடுக்கம். இரண்டு வருடமும் ஏறும் பருவமே கலைந்துபோனது. அதற்கடுத்த 2016-இல்தான் அவர் ஏறினார். 2023 மே மாதம் அமெரிக்கத் தம்பதி ஸ்காட் லேமனும் ஷெய்னா உங்கரும் ஏறினார்கள். இருவருக்குமே காது கேட்காது.

‘ஆபத்து வந்தால் சத்தம் கேட்காதே!’ என்றுதான் நமக்கு முதலில் தோன்றும். உண்மைதான். பனி விரிசல் விடும் சத்தம் கேட்டு மற்றவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். இவர்களுக்குக் கண்தான் காவல். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது கை. சைகை மொழிக்காரருக்குப் பேச்சும் கைதான், கயிற்றைப் பிடிப்பதும் கைதான். தடித்த கையுறைக்குள் விரல்கள் ஒன்றாகிவிடும். கழற்றிப் பேசலாம் என்றால், சற்று நேரத்தில் விரல் விறைத்துவிடும். சைகை மொழிக்கு முகபாவம் ரொம்ப முக்கியம்; அதுவோ ஆக்சிஜன் முகமூடிக்குள். உச்சிக்குக் கிளம்புவது பெரும்பாலும் ராத்திரியில். நெற்றி விளக்கின் வெளிச்சம் கைமேல் விழவேண்டும். எதிரே நிற்பவர் கண்ணில் அடித்தால் பேச்சு போச்சு.

அதே 2023 மே மாதம் மலேசியாவின் முகமது ஹவாரி ஹாஷிமும் உச்சியைத் தொட்டார். அவருக்கும் காது கேட்காது. இறங்கும் வழியில் காணாமல் போனார். தேடுகிறவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பயனில்லாத ஆளை, அந்த மலையில் எப்படித் தேடுவது?

பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கு நூறு வருடத்துக்கு மேலாகப் பள்ளிக்கூடம் நடக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் அந்தப் பிள்ளைகள் ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, லாரிச் சத்தத்துக்கு நடுவே சாவகாசமாகப் பேசிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். நமக்குத்தான் அது முடியாது.

வனத்துறை இப்போது நம் மாவட்டத்திலும் மலையேற்றம் அழைத்துப் போகிறது. வழிகாட்டிகளாக மலைவாழ் இளைஞர்களுக்குப் பயிற்சியும் கொடுத்திருக்கிறார்கள். ‘நில்’, ‘யானை’, ‘வழுக்கும்’, ‘தண்ணீர் குடி’ என்று பத்துப் பதினைந்து சைகைகளை அந்தப் பயிற்சியோடு சேர்த்துவிட்டால் இந்தப் பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம். யானைக்குப் பக்கத்தில் சத்தம் போடாமல் பேச மற்றவர்களுக்கும் அது உதவும்.

வானொலியில் பேசுவதால் இது அந்தப் பிள்ளைகளுக்குக் கேட்காது. வீட்டில் யாராவது இருந்தால், தமுரா கதையை நீங்கள்தான் சொல்லவேண்டும்.

வணக்கம்.