மனச்சோர்வுக்கு மூலிகையா? மனச்சோர்வையே கொண்டுவந்த மூலிகையைப் பார்ப்போமா!

[திரையில்: மருந்துவாழ் மலை, காலை நேரம்]

மக்களே, வணக்கம்! பின்னால் தெரிவது நம்ம மருந்துவாழ் மலை. அனுமன் தூக்கிப் போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்பார்கள். அதனாலோ என்னவோ, யாருக்கு என்ன நோய் என்றாலும் "எல்லாத்துக்கும் மலையில மருந்து இருக்கு" என்று சொல்ல குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு ஒரு மாமா உண்டு.

மனச்சோர்வுக்கு? ஆயுர்வேதத்தில் அதற்கு நெருக்கமான சொல் விஷாதம். நோயை வளர்ப்பதில் முதலிடம் அதற்குத்தான் என்கிறது சரக சம்ஹிதை. நீர்ப்பிரமி, வல்லாரை, அமுக்கரா எல்லாம் கொடுப்பார்கள். அமுக்கராவை மன அழுத்தத்துக்குச் சோதித்த சிறிய ஆய்வுகள் உண்டு. அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்தவர்களும் உண்டு. அவ்வளவுதான், கதைக்கு வருவோம்.

[திரையில்: பாம்பு போல வளைந்த வேர்]

இது சர்ப்பகந்தா. 1931-இல் கல்கத்தா மருத்துவர்கள் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும், இந்த வேர் சித்தப்பிரமையைத் தணிக்கிறது, ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று எழுதினார்கள். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா மருந்து நிறுவனம் அதிலிருந்து ரெசர்பைன் என்ற மருந்துப்பொருளைப் பிரித்தெடுத்தது. உலகமே ரத்த அழுத்தத்துக்கு அதை விழுங்கியது. அப்புறம் பார்த்தால், சாப்பிட்டவர்களில் சிலர் சோர்ந்து, எதிலும் பிடிப்பில்லாமல் போனார்கள்!

ஏன்? பேச்சிப்பாறை அணையை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்கினால்தானே கால்வாயில் விட முடியும்? நரம்பு முனைகளும் செரோடோனின், டோபமைன் போன்ற சேதி கடத்தும் வேதிப்பொருள்களைக் குட்டிப் பைகளில் தேக்கி வைக்கின்றன. ரெசர்பைன் அந்தப் பைகளை நிரம்பவே விடாது.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். 1957-இல் சுவீடன் விஞ்ஞானி அர்வித் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பைன் கொடுத்தார். காதைத் தொங்கவிட்டு, அசையாமல் கிடந்தன. டோபமைனாக மாறும் எல்-டோபாவை ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்தன! டோபமைன் ஆராய்ச்சிக்காக 2000-இல் அவருக்கு நோபல் பரிசு. மனச்சோர்வுக்கு மூளை வேதியியலில் காரணம் தேடும் வேலைக்கும் நம்ம வேர் ஒரு தூண்டுகோல். ரெசர்பைனுக்கும் சோர்வுக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு உறுதியானதா என்று பின்னாளில் கேள்வி எழுந்தது, அது வேறு. ஆனாலும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ரெசர்பைன் கூடாது என்ற எச்சரிக்கை இருக்கிறது.

இப்போது மாமாவிடம் வருவோம். மனச்சோர்வில் தூக்கம் கெடும். தூக்கத்துக்கு என்று நாட்டு மருந்துக் கடையில் சர்ப்பகந்தா மாத்திரை வாங்கிக் கொடுப்பார், பாசத்தோடு. ஆபத்து அங்கேதான்! வைத்தியர் கொடுத்தாலும், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளை அவரிடம் காட்டுங்கள். சாப்பிடும் கஷாயத்தை ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி டாக்டரிடமும் சொல்லுங்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். மனசு ரொம்பக் கனத்தால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

லைக் போடாவிட்டாலும் பரவாயில்லை, மாமாவுக்கு இதை அனுப்பிவிடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம், தனியாக.