டொக் டொக் நின்றதும் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். மார்கழி விடியலில் கோலம் போட வாசலுக்கு வருகிறவர்கள் கேட்டிருப்பீர்கள்: தென்னந்தோப்புப் பக்கமிருந்து குதிரை கனைப்பது போல ஒரு கத்தல். அதுதான் பொன்முதுகு மரங்கொத்தி. மைனாவைவிடச் சற்றுப் பெரியது. மஞ்சள் அரைத்துப் பூசிய மாதிரி முதுகு, சிவப்புக் கொண்டை, கறுப்புத் தொண்டை. குளிருக்கு வந்த விருந்தாளி இல்லை, வருஷம் முழுக்க நம்மோடு இருப்பது. ஆனாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய பட்டமரம் இப்போது கொத்துவதற்கு மெத்தென்று இருக்கும்.

கத்தல் கேட்டதும் ஓடாதீர்கள். பெரும்பாலும் பறக்கும்போதுதான் கத்தும். அடுத்து வரும் டொக் டொக்கைத்தான் கேட்க வேண்டும். முதலில் மெதுவாகத் தட்டும், நாம் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோமே, அப்படி. உள்ளே புழு குடைந்த இடம் தெரிந்ததும் தலையைச் சாய்த்து இடமும் வலமுமாகக் கொத்திப் பட்டையைப் பெயர்க்கும். சிராய் கீழே உதிரும். வால் இறகுகள் விறைப்பானவை. இரண்டு காலோடு மூன்றாவது காலாக அதை மரத்தில் ஊன்றிக்கொள்ளும்.

திடீரென்று சத்தம் நிற்கும். பறந்துவிட்டது என்று பலரும் நகர்ந்துவிடுவார்கள். நகராதீர்கள்! அப்போதுதான் அது சாப்பிடுகிறது. அதன் நாக்கு அலகைத் தாண்டி நீளும். நாக்கைத் தாங்கும் எலும்பு மண்டையோட்டின் பின்புறமாகச் சுற்றிவந்து உச்சிவரை போகிறது. நாக்கின் நுனியில் பசையும் முள்ளும் உண்டு. எறும்புப் புற்று, எறும்புச் சாரை என்றால் அதிகம் கொத்தாது. தலை லேசாக ஆடும், அவ்வளவுதான். நக்கியே தின்றுவிடும். திரும்பவும் சொல்கிறேன், டொக் டொக் நின்றால் கண்ணை எடுக்காதீர்கள்.

ஆள் நடமாட்டம் தெரிந்தால் மரத்துக்குப் பின்னால் ஒளியும். நாமும் சுற்றினால் அதுவும் சுற்றும். பதினைந்து, இருபது மீட்டர் தள்ளி, வெயில் நம் முதுகில் படும்படி அசையாமல் நில்லுங்கள். எட்டு மடங்கு பைனாகுலர் போதும். தொற்றித் தொற்றி மேலேறும்; முடித்ததும் பறந்து அடுத்த மரத்தின் கீழ்ப்பகுதியில் ஒட்டும். அதனால் அடுத்த மரத்தின் அடியையும் பார்த்துவையுங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது, ஆண் பெண் அடையாளம் மட்டும் சொல்லிவிடுகிறேன். நெற்றியிலிருந்தே சிவப்பு என்றால் ஆண். நெற்றி கறுப்பாய், வெள்ளைப் புள்ளியோடு இருந்து பின்கொண்டை மட்டும் சிவந்திருந்தால் பெண். இன்னொன்று, ஆள்மேல் விழாத இடத்தில் நிற்கும் பட்டமரத்தை வெட்டாதீர்கள். மாசி, பங்குனியில் அதிலேயே பொந்து குடையலாம். வணக்கம்.