எண்ணெய் மலிந்த ஆண்டுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

1991ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பம்பாயிலிருந்து லண்டனுக்குத் தங்கக் கட்டிகள் விமானம் ஏறின. தவணை தவணையாக ஏறத்தாழ 47 டன் தங்கம் இங்கிலாந்து வங்கியின் பெட்டகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதை ஈடாகப் பெற்றுக்கொண்டு இங்கிலாந்து வங்கியும் ஜப்பான் வங்கியும் நமது ரிசர்வ் வங்கிக்கு ஏறத்தாழ 40 கோடி டாலர் கடன் கொடுத்தன. அதற்கு முன்பே, மே மாதத்தில், 20 டன் தங்கம் சுவிட்சர்லாந்து வங்கி ஒன்றுக்கு, திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையுடன் விற்கப்பட்டிருந்தது. அப்போது ரிசர்வ் வங்கியின் ஆளுநராக இருந்தவர் நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணன். எப்படிப்பட்ட நாளில் ஒரு வீட்டின் தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும் என்று நம் மக்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. செய்தி வெளிவந்தபோது நாடே தலைகுனிந்தது.

அன்று நான் கல்லூரியில் பொருளாதாரம் கற்பிக்கத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வகுப்பில் மாணவர் ஒருவர் எழுந்து, "குவைத்தில் நடந்த சண்டைக்கு நம்ம தங்கம் ஏன் சார் போகுது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியின் பதிலைத் தேடிப் போனால் எண்ணெய் ஒரு நாட்டை எந்தெந்த வழியாகப் பற்றிக்கொள்கிறது என்பது முழுவதுமே விளங்கிவிடும்.

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக்கின் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. ஜூலையில் பீப்பாய் 20 டாலருக்கும் கீழே இருந்த கச்சா எண்ணெய், அக்டோபருக்குள் 40 டாலரைத் தொட்டது. இந்தியா தனக்கு வேண்டிய எண்ணெயில் ஒரு பகுதியை பம்பாய் ஹை கடல் வயலிலிருந்து அப்போது எடுத்துக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனாலும் எஞ்சியதை டாலர் கொடுத்தே வாங்க வேண்டியிருந்தது. முந்தைய ஆண்டு 400 கோடி டாலருக்குக் குறைவாக இருந்த எண்ணெய் இறக்குமதிச் செலவு, 1990-91இல் 600 கோடி டாலர் அளவுக்கு ஏறியது. அதே வேளையில், டாலர் வந்துகொண்டிருந்த வாய்க்கால் ஒன்றும் அடைபட்டது. குவைத்திலும் ஈராக்கிலும் வேலை பார்த்த நம்மவர்கள் 1,70,000 பேருக்கு மேல், போட்டது போட்டபடி கிளம்பி, ஜோர்டானின் அம்மான் நகரம் வழியாக விமானங்களில் ஊர் திரும்பினார்கள். கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக் கடற்கரை மாவட்டங்களுக்கும் மாதந்தோறும் வந்துகொண்டிருந்த பணம் நின்றது. எண்ணெய் வாங்கப் பணம் அனுப்பும் நாடும், எண்ணெய் நாட்டில் உழைத்துப் பணம் அனுப்பும் மக்களும் ஒரே கயிற்றின் இரு முனைகளைப் பிடித்திருந்தார்கள் என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது.

எண்ணெய் மட்டுமே 1991இன் நெருக்கடிக்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். எண்பதுகள் முழுவதும் அரசுகள் வரவுக்கு மீறிச் செலவழித்தன. குறுகிய காலக் கடன்கள் குவிந்தன. வெளிநாடுவாழ் இந்தியர்கள் வைத்திருந்த வைப்புத் தொகைகள் அச்சத்தில் திரும்ப எடுக்கப்பட்டன. ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த சுவரின் மேல் எண்ணெய் விலை வந்து மோதியது. 1991 ஜூன் மாதத்தில் அந்நியச் செலாவணிக் கையிருப்பு, இரண்டு மூன்று வார இறக்குமதிக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது. ஜூலை 1, ஜூலை 3 ஆகிய இரு நாள்களில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. அதன்பின் வந்த பொருளாதாரக் கொள்கை மாற்றத்தை நேயர்கள் அறிவீர்கள்.

அந்த ஆண்டின் அரசியலையும் மறந்துவிடக் கூடாது. 1991 ஜனவரியில் வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்க ராணுவப் போக்குவரத்து விமானங்கள் இந்திய விமான நிலையங்களில் எரிபொருள் நிரப்பிச் செல்ல பிரதமர் சந்திரசேகரின் அரசு இடம் கொடுத்தது. அணிசேராக் கொள்கையைப் பேசிவந்த நாட்டில் அது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது, பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. பன்னாட்டு நிதியத்தின் கடனை எதிர்பார்த்து நின்ற ஓர் அரசு, அந்த நிதியத்தில் பெரும் வாக்குரிமை வைத்திருக்கும் அமெரிக்காவிடம் மறுத்துப் பேசுவது எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணெய்க்கு டாலர் இல்லாத நாளில் வெளியுறவுக் கொள்கையின் குரலும் தணிந்துபோகிறது.

சரி, இது விலை ஏறிய கதை. விலை ஏறும்போது எல்லோரும் பேசுகிறார்கள். டீசல் விலை கூடினால் லாரி வாடகை கூடுகிறது, ஒட்டன்சத்திரத்திலிருந்து கோயம்பேட்டுக்கு வரும் தக்காளியின் விலை கூடுகிறது, உழவு டிராக்டரின் மணிக் கூலி கூடுகிறது, பேருந்துக் கட்டணம் கூடுகிறது. 2018 ஜனவரியில் தமிழ்நாட்டில் பேருந்துக் கட்டணம் உயர்ந்தபோது கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். இவை யாவும் கண்ணெதிரே நடப்பவை. நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது வேறொன்று: ஒரு நாடு எண்ணெயிடம் எந்த அளவுக்குச் சிக்கியிருக்கிறது என்பது எண்ணெய் மலிவாகக் கிடைக்கும் ஆண்டுகளில்தான் முடிவாகிறது. அந்த ஆண்டுகளில் நாம் எண்ணெயைப் பற்றிப் பேசுவதே இல்லை.

1973 அக்டோபரில் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் போர் மூண்டது. அரபு எண்ணெய் நாடுகள் அமெரிக்காவுக்கும் நெதர்லாந்துக்கும் எண்ணெய் அனுப்ப மறுத்தன. சுமார் 3 டாலராக இருந்த பீப்பாய், அடுத்த ஜனவரிக்குள் 12 டாலரை நெருங்கியது. 1979இல் ஈரானியப் புரட்சியும் அடுத்த ஆண்டு ஈரான்-ஈராக் போரும் வந்து விலையை மீண்டும் பன்மடங்காக்கின. அந்த அதிர்ச்சியில் உலகம் சிக்கனம் கற்றது. மின் நிலையங்களில் எண்ணெய் எரிப்பது குறைந்தது. குறைவாகக் குடிக்கும் கார்கள் வந்தன. உலகின் எண்ணெய் நுகர்வு 1980க்குப் பிறகு சில ஆண்டுகள் தொடர்ந்து இறங்கியது. அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1979இல் வெள்ளை மாளிகையின் கூரையில் சூரிய வெப்பத் தகடுகளை அமைத்தார்.

1986இல் விலை சரிந்தது. சந்தையைத் தாங்கிப் பிடிப்பதற்காகத் தன் உற்பத்தியைக் குறைத்துக் குறைத்து அலுத்துப்போன சவுதி அரேபியா, குழாயைத் திறந்துவிட்டது. சில மாதங்களில் விலை பாதிக்கும் கீழே போனது. கூரையைப் பழுதுபார்க்கும்போது கழற்றப்பட்ட வெள்ளை மாளிகைத் தகடுகள் அதே ஆண்டில் திரும்ப மாட்டப்படாமல் போயின. எண்ணெயும் எரிவாயுவும் ஏற்றுமதி செய்தே தானியம் வாங்கிவந்த சோவியத் ஒன்றியத்தின் கருவூலம் அந்தச் சரிவில் வற்றத் தொடங்கியது. அந்த ஒன்றியத்தின் முடிவுக்கு ஆயிரம் காரணங்கள் சொல்லலாம். இதையும் அவற்றோடு சேர்க்காமல் இருக்க முடியாது.

டென்மார்க் என்ற சிறிய நாடு அப்போது செய்ததை நான் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லிவந்தேன். 1973இல் அந்நாட்டின் ஆற்றல் தேவையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்து வந்த எண்ணெய்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதித்து அந்தக் குளிர்காலத்தைக் கடந்தார்கள். அதற்குப் பிந்திய பத்தாண்டுகளில் மின் நிலையத்தில் வீணாகும் வெப்பத்தைக் குழாய் வழியே வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள், காற்றாலைகளை வளர்த்தார்கள். 1986இல் எண்ணெய் மலிந்தபோது, மக்கள் பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடக் கூடாது என்று எரிபொருள் வரியை உயர்த்தினார்கள். இன்று அந்நாட்டின் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் காற்றிலிருந்து வருகிறது. வட கடலில் அவர்களுக்கும் எண்ணெய் கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிடைத்த பின்னும் அவர்கள் தங்கள் பாதையை விடவில்லை.

இந்தியாவும் வரியை உயர்த்தியது. 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலர் வரை போனபோது, விலையை மக்கள் தலையில் ஏற்றாமல் எண்ணெய் நிறுவனங்களுக்குப் பணத்துக்குப் பதிலாக எண்ணெய்ப் பத்திரங்களைக் கொடுத்து, சுமையைப் பின்வரும் ஆண்டுகளுக்குத் தள்ளிவிட்டது அன்றைய அரசு. 2014இன் நடுவில் 110 டாலருக்கு மேல் இருந்த விலை, 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே இறங்கியது. 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையே மத்தியக் கலால் வரி ஒன்பது முறை உயர்த்தப்பட்டது. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் எண்ணெயை வைக்க இடமின்றி, ஏப்ரல் 20 அன்று அமெரிக்கச் சந்தையில் விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. அடுத்த மாதம் பெட்ரோல் மீதான மத்திய வரி லிட்டருக்கு 32 ரூபாய் 98 காசு ஆனது. 2014-15இல் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக இருந்த பெட்ரோலியக் கலால் வருவாய், 2020-21இல் மூன்றரை மடங்குக்கு மேல் பெருகியது.

வரி போட்டதை நான் குறை சொல்லவில்லை. மலிந்த எண்ணெய்க்கு வரி போடுவது அறிவுடைமைதான். அந்தப் பணம் போன வழியே என்னை வருத்துகிறது. அதில் பெரும்பகுதி சிறப்பு வரியாகவும் மேல்வரியாகவும் வசூலிக்கப்பட்டதால் மாநிலங்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை. 2021இல் 32 ரூபாய் 90 காசாக இருந்த அந்த வரியில் மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ளத்தக்க அடிப்படை வரி வெறும் 1 ரூபாய் 40 காசு. மாநிலங்களும் தங்கள் மதிப்புக் கூட்டு வரியை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது பெட்ரோலும் டீசலும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டதற்கு இதுவே காரணம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பெட்ரோலுக்கு 3 ரூபாய் வரியைக் குறைத்தது. அந்த மூன்று ரூபாய்க்கே நிதிநிலை அறிக்கையில் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. வண்டி ஓட்டுபவர் மட்டும் எண்ணெயைச் சார்ந்திருக்கவில்லை. அவர் எண்ணெயை விட்டு விலகினால் தன் வருவாய் விலகிப்போகும் என்ற நிலையில் அரசும் இருக்கிறது.

நல்லவையும் நடந்தன. ரயில்வேயின் அகலப்பாதை ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்டது. சூரிய மின் உற்பத்தித் திறன் 2014இல் இருந்ததைப்போல முப்பது மடங்குக்கு மேல் வளர்ந்தது. ஆனால் சாலையில் நிலைமை வேறு. இன்றும் நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதியாகிறது. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியபின், அதுவரை மிகச் சிறிதளவே வாங்கிவந்த ரஷ்ய எண்ணெயைத் தள்ளுபடி விலையில் வாங்கினோம்; அடுத்த ஆண்டிலேயே அது நமது இறக்குமதியில் மூன்றில் ஒரு பங்கை எட்டியது. விற்பவர் மாறினார், தேவை மாறவில்லை.

டாலர் தீர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2022இல் இலங்கை மக்கள் அனுபவித்தார்கள். ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாது என்று அரசு அறிவித்தது. ஜூன் இறுதியில் பெட்ரோல் லிட்டர் 470 இலங்கை ரூபாய். அதையும் அத்தியாவசியப் பணிகளுக்கு மட்டுமே கொடுத்தார்கள். மக்கள் நாள் கணக்கில் வரிசையில் நின்றார்கள், வரிசையிலேயே சிலர் உயிரிழந்தார்கள். ஜூலையில் குடியரசுத் தலைவர் நாட்டை விட்டே வெளியேறினார். ஆகஸ்டில் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ரூபாயானது. வெளியிணைப்பு இயந்திரப் படகில் கடலுக்குப் போகும் வடபகுதி மீனவருக்கு மண்ணெண்ணெய் என்பது மூலதனம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகிய யாழ்ப்பாணத்து மக்களுக்கு எரிபொருள் பஞ்சம் புதிதல்ல என்றாலும், இம்முறை அது தீவு முழுவதையும் பிடித்தது.

பருவநிலையைப் பற்றிப் பேசாமல் இந்தக் கணக்கு முடியாது. முக்கால் கிலோ எடையுள்ள ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. அதிலுள்ள கரி, காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துச் சேர்த்துக்கொள்வதால் எடை கூடுகிறது. உலகம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10 கோடி பீப்பாய் எண்ணெய் பயன்படுத்துகிறது. ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். விலை ஏறினால் இது தானாகக் குறைந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். விலை ஏறும்போது அரசுகள் மக்களின் கோபத்துக்கு அஞ்சி மானியம் கொடுக்கின்றன. 2022இல் உலக அரசுகள் புதைபடிவ எரிபொருள் நுகர்வுக்குக் கொடுத்த மானியம் ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. விலை இறங்கும்போதோ பெரிய கார்கள் விற்கின்றன. 1995இலிருந்து ஆண்டுதோறும் கூடிவரும் பருவநிலை மாநாடு, புதைபடிவ எரிபொருள்களிலிருந்து விலகிச் செல்ல வேண்டும் என்ற சொற்களைத் தன் முடிவில் எழுத 2023 டிசம்பர் வரை ஆனது. அதுவும் துபாயில், அபுதாபி தேசிய எண்ணெய் நிறுவனத்தின் தலைவரது தலைமையில்.

அதே டிசம்பரில், மிக்ஜாம் புயலின் மழைவெள்ளம் சென்னையை மூழ்கடித்தபோது, மணலித் தொழிற்பகுதியிலிருந்து கசிந்த எண்ணெய் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. வெப்பமேறும் கடல், புயல் கொண்டுவரும் மழையைக் கூட்டும் என்று அறிவியல் சொல்கிறது. அந்த மழையின் மேல் எண்ணெய் மிதக்க, மீனவர்கள் அதைக் குவளைகளாலும் வாளிகளாலும் அள்ளினார்கள். அவர்களின் படகும் வலையும் கறுத்துப்போயின.

எண்ணெய் விலை மறுபடியும் இறங்கும். எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பின்னும் அது இறங்கியிருக்கிறது. அன்றைக்குக் கிடைக்கும் கூடுதல் வரியைப் பொதுச் செலவில் கரைத்துவிடாமல் தனிக் கணக்கில் வைத்து, அதில் மாநிலங்களுக்குரிய பங்கைக் கொடுத்து, அந்தப் பணத்தில் நகரப் பேருந்துகளையும் கிராமப்புறப் பேருந்துகளையும் கூட்டி, புதிதாக வாங்குபவற்றை மின்சாரப் பேருந்துகளாக வாங்க வேண்டும் என்பதே நான் முன்வைக்கும் கோரிக்கை. இரு சக்கர வண்டி வாங்கக் கடன்பட்டு, அதற்குப் பெட்ரோல் போடக் கூலியில் ஒரு பங்கைக் கொடுத்து வேலைக்குப் போகும் தொழிலாளிக்கு, விடியற்காலை ஐந்து மணிக்கு அவருடைய ஊரிலிருந்து ஒரு பேருந்து புறப்பட்டாக வேண்டும்.

வணக்கம்.