95 கலோரியை எப்படிச் செலவழிப்பது?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கலோரி குறைந்த பீர் ஏன் சப்பென்று இருக்கிறது, அதை ருசியாக்க வழி உண்டா? பீர் தயாரிப்பில் இருக்கும் என்னிடம் பலரும் கேட்கும் கேள்வி இது. எனக்கும் பல வருடமாக இதே யோசனைதான். வழி உண்டு என்று நம்புகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

பக்கத்தில் பேப்பரும் பேனாவும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சின்னக் கணக்கு ஒன்று போட வேண்டும். 355 மில்லி பீர், அதில் 5 சதவீதம் ஆல்கஹால். எடையில் பார்த்தால் சுமார் 14 கிராம். ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு 7 கலோரி என்றால் 98 ஆகிறது. அப்புறம், நொதிக்காமல் தங்கிவிட்ட மாவுச்சத்துத் துண்டுகள் ஒரு 13 கிராம் இருக்கும். கிராமுக்கு 4 கலோரி, ஆக 52. இரண்டையும் கூட்டினால் 150. கொழுப்பு கிடையாது. புரதம் பெயருக்குத்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, மூன்றில் இரண்டு பங்கு கலோரி ஆல்கஹாலிலிருந்தே வருகிறது. பீர் கறுப்பாக இருந்தால் கனமானது, உடம்பு போடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிறத்துக்கும் கலோரிக்கும் சம்பந்தமே இல்லை. கருகருவென்று இருக்கிற கின்னஸ் ட்ராஃப்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். 355 மில்லிக்குச் சுமார் 125 கலோரி. பொன்னிறத்தில் பளபளக்கும் சாதாரண லாகர் பீர் பலவற்றைவிட அது குறைவு.

சரி, கலோரியைக் குறைக்க முதலில் கை வைத்தது எதில்? மாவுச்சத்திலிருந்து வரும் அந்த 52இல்தான். நியூயார்க்கின் ரைன்கோல்ட் ஆலையில் ஜோசப் ஓவேட்ஸ் என்ற உயிர்வேதியியலாளர் இருந்தார். பீர் குடித்தால் குண்டாகிவிடுவோம் என்று பயந்து ஒதுங்குகிறவர்களை மனதில் வைத்து அவர் ஒரு வழி கண்டார். 1967இல் 'கேப்ளிங்கர்ஸ் டயட் பீர்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. விற்கவில்லை. அந்தச் செய்முறை சிகாகோவின் மைஸ்டர் ப்ரா ஆலைக்குப் போனது. அங்கிருந்து 1972இல் மில்லர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1975இல் 'மில்லர் லைட்' அமெரிக்கா முழுக்க இறங்கியது. 'டயட்' என்ற சொல்லையே விட்டுவிட்டு, ருசி அதிகம், வயிறு நிரம்பாது என்று விளம்பரம் செய்தார்கள். அது பிடித்துக்கொண்டது. 1982இல் பட் லைட்டும் வந்து சேர்ந்தது.

ஓவேட்ஸ் செய்தது என்ன என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை உடைத்து வெந்நீரில் ஊறவைத்தால், அதிலிருக்கும் என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டும். ஆனால் மாவுச்சத்து நேர்க்கோடு இல்லை, மரக்கிளை போலப் பிரிந்து பிரிந்து போகும். கிளை பிரியும் கணுவில் இந்த என்சைம்கள் பெரும்பாலும் தடுமாறி நின்றுவிடும். அப்படி வெட்டுப்படாமல் மிஞ்சும் துண்டுகளுக்கு டெக்ஸ்ட்ரின் என்று பெயர். சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கும் நுண்ணுயிர்தான் ஈஸ்ட். சாதாரண பீர் ஈஸ்ட்டால் டெக்ஸ்ட்ரினைத் தின்ன முடியாது. அது பீரிலேயே தங்கி, வாயில் ஒரு வழவழப்பைத் தருகிறது. ஓவேட்ஸ், கணுவையும் வெட்டுகிற குளுக்கோஅமைலேஸ் என்ற என்சைமைச் சேர்த்தார். டெக்ஸ்ட்ரின் எல்லாம் குளுக்கோஸ் ஆனது, ஈஸ்ட் ஒன்று விடாமல் தின்றது, அதனால் குறைந்த மால்ட்டிலேயே வேண்டிய ஆல்கஹால் கிடைத்து, கலோரி இறங்கியது. கூடவே வழவழப்பும் போய்விட்டது. லைட் பீர் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்ற குறைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

இன்றைய மில்லர் லைட்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம், மாவுச்சத்து 3.2 கிராம், கலோரி 96. கணக்குப் போட்டால் அதில் 82, 83 கலோரி ஆல்கஹாலுக்கே போகிறது. ருசிக்கு நிறைவு கொடுக்கிற பொருளுக்கு மிஞ்சுவது 13 கலோரி மட்டும்.

நான் சொல்ல வந்தது இதுதான். ஏறக்குறைய அதே அளவை, 95 கலோரியை, வேறு மாதிரி செலவழித்துப் பாருங்கள். ஆல்கஹாலை 3 சதவீதத்துக்கு இறக்கினால் அதற்கு 59 கலோரி. மீதி 36. அதாவது 9 கிராம் மாவுச்சத்தைப் பீரில் விட்டுவைக்கலாம். லைட் பீரில் இருப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. கலோரி ஏறவில்லை, வாய்க்கு நிறைவு வந்துவிட்டது.

இது புது யோசனையும் இல்லை. இங்கிலாந்தின் 'மைல்ட்' பீர் பெரும்பாலும் 3 முதல் 3.5 சதவீதத்துக்குள்தான் இருக்கும். வறுத்த மால்ட்டின் மணம் அதைத் தூக்கி நிறுத்தும். போலந்தின் கிரோட்ஜிஸ்கி, ஓக் விறகுப் புகையில் உலர்த்திய கோதுமை மால்ட்டில் செய்வது. ஆல்கஹால் 3 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், ஆனால் புகை மணமும் பொங்கும் நுரையும் சேர்ந்து, குடிக்கிறவருக்கு எதுவும் குறைந்ததாகத் தோன்றாது. கலோரி என்ற பேச்சே எழாத காலத்தில் வந்த பீர்கள் இவை.

செய்முறையில் முதல் வேலை வெப்பம். மால்ட்டை 62, 63 டிகிரியில் ஊறவைத்தால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை அதிகம் கிடைக்கும். 70க்கு மேல் ஏற்றினால் டெக்ஸ்ட்ரின் அதிகம் தங்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது. ஓட்ஸ் கொஞ்சம் சேர்த்தால் வழவழப்பு கூடும். தண்ணீரில் சல்ஃபேட்டைக் குறைத்துக் குளோரைடைக் கூட்டினால் பீர் வாயில் நிறைவாக நிற்கும். கசப்பையும் அடக்க வேண்டும். மெலிந்த பீரில் அது துருத்திக்கொண்டு தெரியும்.

அடுத்தது ஹாப்ஸ், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ. ருசியில் பெரும்பகுதி மூக்கின் வேலை. நொதித்து முடிந்த பீரில் ஹாப்ஸைப் போட்டு ஊறவிட்டால் எலுமிச்சை, மாம்பழம், பைன் மரம் என்று மணம் அள்ளும். கலோரி ஏறுவதே தெரியாது. இதைவிட மலிவான ருசி வேறு இல்லை என்று நினைத்துத்தான் நானும் ஒரு தடவை தாராளமாகப் போட்டேன். ஒரு வாரம் கழித்து முதல் பாட்டிலைத் திறந்தேன். மூடி கழன்றதும் பாதி பீர் நுரையாக மேசையில் வழிந்தது. மீதியை ஊற்றிக் குடித்தால், நான் பாடுபட்டுத் தங்கவைத்த வழவழப்பைக் காணோம். வறண்ட, மெலிந்த ருசி. திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டேன். அடர்த்தி நன்றாக இறங்கியிருந்தது.

காரணம் ஹாப்ஸேதான். அந்தப் பூவிலும் மாவுச்சத்தை வெட்டும் என்சைம் கொஞ்சம் இருக்கிறது. அது டெக்ஸ்ட்ரினைச் சர்க்கரையாக்க, மிச்சமிருந்த ஈஸ்ட் அதைத் தின்று மறுபடி நொதிக்கவைத்துவிட்டது. ஹொரேஸ் பிரவுன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் தன் சகாவுடன் சேர்ந்து 1893இலேயே இதை எழுதிவைத்திருக்கிறார். ஹாப்ஸை அள்ளிப்போடும் பீர்கள் பெருகிய பிறகுதான் தொழில்காரர்கள் அதைத் திரும்பத் தேடி எடுத்தார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கலோரி குறைவு என்பதால் அது உடம்புக்கு நல்லது என்று ஆகிவிடாது. ஆல்கஹால் ஆல்கஹால்தான். அதைக் குறைக்கும் வழியை நான் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் எவ்வளவு தூரம் குறைப்பது? ஆல்கஹாலுக்கு லேசான இனிப்பு உண்டு, மணத்தைத் தாங்கிப் பிடிக்கும் குணமும் உண்டு. ரொம்பவும் இறக்கினால், நொதிக்காத மால்ட் நீரின் வாடை, கஞ்சி போல, தலைகாட்டும். என் அனுபவத்தில் இரண்டரை சதவீதத்துக்குக் கீழே போனால் அதை மறைப்பது பெரும்பாடு.

இப்போது என் தொட்டியில் ஒரு பீர் இருக்கிறது. 71 டிகிரியில் ஊறிய மால்ட், கொஞ்சம் ஓட்ஸ், ஆல்கஹால் 2.9 சதவீதம். இந்தத் தடவை பீரைப் பூஜ்ஜியம் டிகிரி பக்கம் குளிரவைத்து, அடியில் படிந்த ஈஸ்ட்டை வடித்து எடுத்த பிறகுதான் ஹாப்ஸ் போட்டேன், அதுவும் இரண்டே நாள். தினமும் காலையில் ஹைட்ரோமீட்டரைப் பார்க்கிறேன். நான்கு நாளாக அளவு துளிகூட நகரவில்லை. நேற்று அரை டம்ளர் பிடித்துப் பார்த்தேன். ஆரஞ்சுத் தோலைக் கிள்ளியது போல ஒரு மணம், நாக்கில் மெல்லிய வழவழப்பு, விழுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நின்றது.

நன்றி, வணக்கம்.