ஊரிலிருந்து வந்த மாத்திரை அட்டை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூரில் நான் பணிபுரியும் பலதுறை மருந்தகத்தின் மருந்து முகப்புக்கு அண்மையில் ஓர் அம்மையார் வந்தார். திருச்சியில் வாங்கிய அசித்ரோமைசின் எனும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை அட்டையொன்றைக் கைப்பையிலிருந்து எடுத்தார். மூன்று மாத்திரைகளில் இரண்டு தீர்ந்திருந்தன. "தம்பி, சளி பிடிச்சா இதுல ரெண்டு போட்டாலே எனக்குச் சரியாயிடும். மிச்சத்தப் பேரனுக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்டார்.

அவரைச் சரியாக்கியது அந்த மாத்திரை அன்று. சாதாரணச் சளி வைரசால் வருவது. பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானே தணிந்துவிடும். பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் வைரசை ஒன்றும் செய்யாது. ஆனால் அது குடலில் வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்களுள் வலுவற்றவற்றை அழித்து, தன்னைத் தாங்கும் ஆற்றல் பெற்றவற்றைப் பெருகவிடுகிறது. அவற்றுள் சில, அந்த ஆற்றலுக்குரிய மரபணுவைப் 'பிளாஸ்மிட்' எனும் சிறு வளையத்தில் வைத்து, வேறு இனப் பாக்டீரியாக்களுக்கும் கைமாற்றிவிடுகின்றன. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், தகுந்த அளவின்றித் தாமாகவே மருந்துண்போரால் இந்நிலை வருமென்று 1945ஆம் ஆண்டு நோபெல் உரையிலேயே எச்சரித்தார். 2019இல் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகள் உலகில் ஏறத்தாழ 1.27 மில்லியன் உயிர்களை நேரடியாகப் பறித்தன என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

சிங்கப்பூரில் மருத்துவரின் சீட்டின்றி ஆன்டிபயாட்டிக் வாங்க இயலாது. மனிதர், விலங்கு, உணவு, சுற்றுச்சூழல் ஆகியவற்றை ஒருசேரக் கருத்தில் கொண்ட தேசியத் திட்டமும் 2017இல் வகுக்கப்பட்டது. எனினும், நான் பெரிதும் மதிப்பது மருத்துவமனைகளில் ஓசையின்றி நடக்கும் ஒரு பணியை. கடுந்தொற்றுடன் வருபவருக்கு முதல் நாளில் பலவகைக் கிருமிகளையும் தாக்கும் மருந்தைத் தருவது தவிர்க்க முடியாதது. ஓரிரு நாளில் இரத்தக் கிருமி வளர்ப்புச் சோதனையின் முடிவு வந்ததும், மருத்துவரும் மருந்தாளரும் சேர்ந்த குழு, குறிப்பிட்ட கிருமிக்கு மட்டுமான மருந்துக்கு மாறலாமா, ஊசியை விடுத்து மாத்திரை தரலாமா, அடியோடு நிறுத்திவிடலாமா என்று ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே ஆராய்கிறது. புதிய மருந்துகள் அரிதாகவே வரும் காலத்தில், கையிலிருப்பதைக் காப்பதற்கு இதைவிடச் சிறந்த வழியை நான் அறியேன்.

இல்லங்களில் செய்யக்கூடியதும் உண்டு. சளிக்காய்ச்சலுக்கும் (இன்ஃபுளுவென்சா), நிமோனியா போன்ற நோய்களைத் தரும் நிமோகோக்கல் பாக்டீரியாவுக்கும் எதிரான தடுப்பூசிகளைப் போட்டுக்கொண்டால் நோயும் குறையும், மருந்தின் தேவையும் குறையும். ஆன்டிபயாட்டிக் எழுதித் தரப்பட்டால், எத்தனை நாள் உண்ண வேண்டும் என்று கேட்டறிந்து அவ்வாறே உண்ணுங்கள். உடல் தேறியதாகத் தோன்றினாலும், மருத்துவரைக் கேளாமல் நிறுத்தி, மீதியை எடுத்துவைக்க வேண்டாம். ஆன்டிபயாட்டிக் தேவையில்லை என்று அவர் சொன்னால், அலட்சியம் என்று எண்ணிவிடாதீர்கள். எதனால் தேவையில்லை, எந்த அறிகுறி தென்பட்டால் திரும்பி வர வேண்டும் என்று கேளுங்கள்.

அந்த அம்மையாரும் அதைத்தான் கேட்டார். பேரன் மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ, தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தாலோ, காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தாலோ உடனே அழைத்து வாருங்கள் என்றேன். ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டவர், அந்த அட்டையை என்னிடமே விட்டுச் சென்றார்.