ஏரிக்குள் ஒரு நகர்: மாம்பலத்தைப் பழைய வரைபடத்தில் தேடுவோம்

நேயர்களுக்கு வணக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான சென்னை வரைபடத்தில், மாம்பலத்தில் பின்னால் உருவான தி.நகரை, அதாவது தியாகராய நகரைத் தேடினால் கிடைக்காது. மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீளமாக ஒரு நீர்ப்பரப்புதான் இருக்கும். ஆங்கிலேயர் அதை ‘லாங் டேங்க்’ என்றார்கள். நுங்கம்பாக்கம் ஏரியும் மயிலாப்பூர் ஏரியும் சேர்ந்தது அது. மாம்பலம் அப்போது செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை வட்டத்தில் ஒரு கிராமம்.

இப்படிப்பட்ட வரைபடம் கையில் கிடைத்தால், நீலத்தை விட்டுவிட்டு முதலில் ஏரிக்கரையைப் பாருங்கள். கரை ஏரியின் நான்கு புறமும் இருக்காது. நிலம் சரியும் பக்கத்தில் மட்டும்தான் வளைந்து கிடக்கும். சென்னையில் நிலம் கடலை நோக்கிச் சரிகிறது. அதனால் கரை கிழக்கே, மவுண்ட் ரோட்டுப் பக்கம். கரையில் பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகு எங்கே, நிரம்பிய ஏரி வழியும் கலங்கல் எங்கே என்று பார்த்துவிட்டால், எந்த வயலுக்குத் தண்ணீர் போனது, மிஞ்சிய வெள்ளம் எந்த வழியாக வெளியேறியது என்பது புரிந்துவிடும். ஊரின் கதையில் பாதி அங்கேயே இருக்கிறது.

அப்புறம் அதே இடத்தின் பிந்தைய வரைபடத்தைப் பக்கத்தில் வையுங்கள். 1920-ல் நகரமைப்புச் சட்டம் வந்தது. சில ஆண்டுகளில் ஏரியை வடித்து, மேடாக்கி, மனை பிரித்தார்கள். நீலம் இருந்த இடத்தில் ஒரு பூங்காவும் அதைச் சுற்றி விரியும் சாலைகளும் தோன்றுகின்றன. அந்தப் பெயர்களைப் படியுங்கள்: தியாகராயர், பனகல் அரசர், உஸ்மான். நீதிக்கட்சி ஆட்சிக்காலம் தெருப் பலகைகளில் அப்படியே நிற்கிறது.

ஏரியும் பெயர்களில் தங்கியிருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு, நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு, லேக் ஏரியா. தினமும் கடந்து போகிற நமக்கு இந்தப் பெயர்கள் ஏன் என்று தோன்றுவதில்லை. வரைபடத்தோடு நடந்தால் தோன்றும். வள்ளுவர் கோட்டத்துப் பக்கத்திலிருந்து தி.நகர் வழியாக அடையாற்றுக்கு ஓடும் மாம்பலம் கால்வாயையும் அப்போது சாக்கடை என்று மட்டும் பார்க்க முடியாது. ஏரி போனாலும் தண்ணீருக்கு வழி வேண்டுமே!

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நில அளவை வரைபடங்கள் வரி வசூலுக்காகப் போடப்பட்டவை. ஒவ்வொரு வயலுக்கும் சர்வே எண் இருக்கும். மக்கள் குடியிருந்த கிராம நத்தமோ பல இடங்களில் உள்ளே ஒரு வீடுகூடக் காட்டாமல் ஒரே கட்டமாக நிற்கும். ஏரியில் மீன் பிடித்தவர், துணி வெளுத்தவர், மாடு மேய்த்தவர் யாருக்கும் அதில் இடம் இல்லை. அவர்கள் கதை வேண்டுமென்றால் ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டுத்தான் ஆக வேண்டும். வரைபடத்தை விரித்து வைத்துக் கேளுங்கள். ஒரு கோட்டைத் தொட்டதும் அவர்களுக்கு நினைவு வரும்.

உங்கள் புறநகருக்கும் இதைச் செய்யலாம். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய ஆவணங்கள் இருக்கின்றன. வட்டாட்சியர் அலுவலகத்தில் கிராம வரைபடமும், ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவுகளைக் காட்டும் புலப்படமும் கேட்டுப் பாருங்கள். பழையதையும் புதியதையும் பொருத்த, இடம் மாறாத புள்ளிகள் மூன்று நான்கு வேண்டும். பழைய கோயில், ரயில் பாதை, மலை உச்சி போதும். கணினி தெரிந்த பிள்ளைகள் இருந்தால் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வைத்துவிடுவார்கள். இல்லையென்றால் டிரேசிங் பேப்பர் இருக்கவே இருக்கிறது.

முதல் வேலையாக உங்கள் ஊர் ஏரியின் கலங்கல் எங்கே இருந்தது என்று கண்டுபிடியுங்கள். மழைக்காலத்துக்கு முன்பே அந்த இடத்துக்கு ஒரு நடை போய், இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்துக் குறித்து வையுங்கள்.

நன்றி, வணக்கம்.